கதவைச் சாத்தினா சத்தம் வராது

வாசகி: வேணாம் சார். எனக்கு ஒதுக்கின அந்த அறையை இன்னைக்கு வேற யாருக்காவது குடுத்துடுங்க.

நூலகர்: நல்லா இருக்கே கதை! இன்னும் கொஞ்ச நேரத்துல ஆன்லைன் இன்டர்வியூவை வெச்சுக்கிட்டு...

வாசகி: போன தடவையே சொதப்பிட்டேன்.

நூலகர்: நெட் போயிடுச்சுன்னு சொன்னீங்க?

வாசகி: நெட்டெல்லாம் ஜம்முனுதான் இருந்துச்சு. நான்தான்... குசுகுசுன்னு பேசிட்டேன்.

நூலகர்: இன்டர்வியூலயா!

வாசகி: சிரிக்காதீங்க! சின்ன வயசுலேர்ந்து வர்ற நூலகம். உள்ள நுழைஞ்சாலே குரல் தானா இறங்கிடுது. அவங்க "சத்தமா, சத்தமா"ங்கறாங்க... எனக்கு உங்க முகம்தான் கண்ணு முன்னாடி வருது.

நூலகர்: என் தலையில போட்டீங்களா பழியை?

வாசகி: ஆம்புலன்ஸ் கேட்டு போன் பண்றவங்ககிட்ட பேசற வேலை சார். குசுகுசுத்தா யாரு வேலைக்கு எடுப்பாங்க?

நூலகர்: அப்போ வீட்டுலேர்ந்து...

வாசகி: ஒரே ரூம், ரெண்டு வாலுப் பிள்ளைங்க. என் போன் உடைஞ்சு பாதித் திரை தெரியாது. விண்ணப்பம் போட்டதே இங்கதான். கம்ப்யூட்டர், கேமரா, கதவு வெச்ச தனி அறை... புத்தகம் குடுக்கற இடத்துல இதையெல்லாம் வைக்கணும்னு தோணுச்சு பாருங்க, அதுக்கே உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்.

நூலகர்: கும்பிடறது அப்புறம். பழைய பேப்பர் கட்டுகளையெல்லாம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தினோம், அறை காலியாச்சு. வர்றவங்களுக்கு இப்ப என்ன வேணுமோ அதைத்தானே வைக்கணும்? கிளம்புங்க உள்ள.

வாசகி: வெளியே தினமும் பேப்பர் படிக்க வர்ற தாத்தா உட்கார்ந்திருக்காரே... பக்கத்தைப் புரட்டினாலே முறைப்பாரு.

நூலகர்: கதவைச் சாத்தினா துளி சத்தம் வெளியே வராது. நல்லாக் கத்துங்க.

வாசகி: நிஜமா?

நூலகர்: அட, போங்கம்மா!

*

வாசகி: சார்! எடுத்துக்கிட்டாங்க சார்! திங்கக்கிழமையே வரச் சொல்லிட்டாங்க!

நூலகர்: எடுக்காம? அந்தக் குரலுக்கு!

வாசகி: எந்தக் குரலுக்கு?... ஆமா, ஏன் எல்லாரும் எழுந்து நிக்கறாங்க? ஜன்னலெல்லாம் யாரு திறந்தது?

நூலகர்: "அவரைப் படுக்க வைங்க! கூட்டம் போடாதீங்க! காத்து வரட்டும்!"னு போட்டீங்களே ஒரு போடு...

வாசகி: அது அவங்க வெச்ச பரீட்சை சார்! யாரோ மயங்கி விழுந்த மாதிரி... ஐயோ, கேட்டுச்சா? துளி சத்தம் வராதுன்னீங்களே!

நூலகர்: சத்தத்தை அடக்கற அட்டையை அடுத்த வாரம்தாம்மா ஒட்ட வர்றாங்க. அதை முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க வாயைத் திறந்திருப்பீங்களா? பேப்பர் தாத்தாதான் முதல் ஆளா எழுந்து, பெஞ்சைக் காலி பண்ணி, ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு... மயங்கினது யாருன்னு இன்னும் தேடிக்கிட்டிருக்காரு!