தும்மலை மட்டும்தான் எழுதினேன்

ரகசியம் காப்பதில் எங்கள் குடும்பம் பேர்போனது. தனக்குக் கல்யாணம் ஆன செய்தியையே என் அண்ணன் ஆறு மாதம் கழித்துத்தான் வீட்டில் சொன்னான். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். தகவல் தந்தவரின் பெயரை நான் வெளியிட்டுவிட்டதாகப் பத்திரிகை அலுவலகம் முழுக்கப் பேசுகிறார்கள். அபாண்டம். விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் விவரம் தெரிந்தவர்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தகவல் தந்த அந்த அம்மா தீயணைப்புக் கருவி செய்யும் தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் இருந்தார். கட்டடங்களில் சுவரோரம் தொங்குமே, அந்தச் சிவப்பு உருளைகள். அவருக்கு மாவு என்றால் ஆகாது. மூக்கருகே லேசாகப் பறந்தாலே போதும், தொடர்ந்து ஏழு தும்மல் வரும். ஒருநாள் சோதனைக்காக ஓர் உருளையைத் திறந்து பீய்ச்சினார். தும்மல் வந்தது. ஏழாவது தும்மல் முடியும்போது அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. உள்ளே இருந்தது தீயை அணைக்கும் பவுடர் இல்லை, கோதுமை மாவு. அதைத் தீயில் அடித்தால் தீ அணையாது, கொழுந்துவிடும். அந்த உருளைகள் பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போய்க்கொண்டிருந்தன.

மேலாளரிடம் சொன்னார். "உங்க மூக்க டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் என்னைத் தேடினார்.

ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் சந்தித்தோம். இடம் அவர் தேர்வு. பல்வலிக்காரன் அடுத்தவர் பேச்சுக்குக் காது கொடுக்க மாட்டானாம்.

"போன் பண்ணாதீங்க, வீட்டுப் பக்கம் வராதீங்க" என்றார். "ஆபீஸ் பேப்பர் எதுவும் எங்கிட்ட கேக்காதீங்க. எடுத்தா யாரு எடுத்தாங்கன்னு உடனே தெரிஞ்சிடும். கடையில நீங்களே நாலு உருளை வாங்கி லேப்ல குடுங்க. அப்போ செய்தி உங்களோடது. நான் அதுல இல்லவே இல்ல."

"உங்க பேர் வராதும்மா."

"பேர் மட்டும் இல்ல சார், என் நெழலு கூட விழக்கூடாது. வீட்ல என் ஒரு சம்பளம்தான் ஓடுது."

சத்தியம் செய்து கொடுத்தேன். அவர் சொன்னபடியே உருளைகளை வெவ்வேறு கடைகளில் வாங்கி, இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினேன். இரண்டுமே கோதுமை மாவு என்றன. நிறுவனத்திடம் விளக்கம் கேட்டேன். தங்கள் தரம் உலகத்தரம் என்று எழுதி அனுப்பினார்கள். கட்டுரை தயார். அதில் ஒரு பிழை கிடையாது. ஆனால் உப்புச் சப்பில்லாமல், மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. அதனால் நடுவில் ஒரு பத்தி சேர்த்தேன்: 'பெயர் சொல்ல விரும்பாத அந்தப் பெண் தும்மினார். ஒன்றல்ல, ஏழு. ஒவ்வொரு தும்மலிலும் ஒரு பொய் உதிர்ந்தது.' எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

எங்கள் துணை ஆசிரியர் அம்மா அந்தப் பத்தியை அடித்துவிட்டார். "லேப் ரிப்போர்ட் ரெண்டு கையில இருக்கு. இவங்க எதுக்குங்க இதுல?"

"இவங்க இல்லன்னா கட்டுரையில உயிர் இருக்காதுங்க."

"அவங்க உயிரோட இருக்கணும்ல?"

நான் மறுபேச்சுப் பேசவில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் கட்டுரை வெளிவந்தது. அந்தப் பத்தியும் வந்திருந்தது. அது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். போலி உருளைகளை எல்லா இடத்திலிருந்தும் கழற்றினார்கள். அதற்கு ஆய்வக முடிவே போதுமானதாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தொழிற்சாலையில் மேலாளருக்கு முதலிலேயே அந்த அம்மா மேல்தான் சந்தேகம்; சாட்சியோடு நிரூபிக்க வேண்டும் என்று எல்லோரையும் மின்விசிறிக்கு அடியில் வரிசையாக நிறுத்தி, மூட்டையைப் பிரித்து மாவை அள்ளி வீசினாராம். ஆளாளுக்குச் சுண்ணாம்படித்த சுவர் போல நின்றிருக்கிறார்கள். அந்த அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க நின்றிருக்கிறார். கடைசியில் முடியவில்லை, தும்மிவிட்டார். உடனே பக்கத்தில் நின்ற வெல்டர் அவரைக் காப்பாற்றப் பொய்யாகத் தும்மினார். அவரைப் பார்த்து லாரி டிரைவர், கணக்குப்பிள்ளை, வாட்ச்மேன் என்று வரிசையே தும்மியது. நல்ல மனிதர்கள். ஆனால் பொய்த் தும்மல் இரண்டு மூன்றுக்கு மேல் தாங்காது. மேலாளர் ஒரு கையில் என் கட்டுரையை வைத்துக்கொண்டு, மறுகை விரல்விட்டு எண்ணியிருக்கிறார்.

அன்றே அந்த அம்மாவுக்கு வேலை போயிற்று. தொழில் ரகசியத்தைத் திருடியதாகப் போலீசில் புகார். மற்ற தொழிற்சாலைகளும் அவரை வாசலோடு திருப்பி அனுப்புகின்றன.

சரி, அந்தப் பத்தி. துணை ஆசிரியர் வீட்டுக்குக் கிளம்பியதும் பக்கம் கட்டுகிறவரிடம் போனேன். "அம்மா சேர்க்கச் சொல்லிட்டாங்க" என்றேன். ஒரு விளம்பரத்தைச் சுருக்கி இடம் செய்து கொடுத்தார். அவர் மீது குற்றமில்லை. தகவல் தந்த அம்மா மாட்டிக்கொள்வார் என்று தெரியுமா என்று கேட்டால், தெரியும். ஆனால் பத்தியை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள், உங்களுக்கும் அதை அடிக்க மனசு வராது. வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. உருளையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எல்லாம் தும்மலைப் பற்றித்தான்.

போன வாரம் அந்த அம்மாவே போன் செய்தார். அழுவார் என்று நினைத்தேன். நிதானமாகத்தான் பேசினார்.

"நீங்க என் பேரையே போட்டிருந்தாக்கூட பரவாயில்ல சார். அந்தப் பேர்ல எங்க ஃபேக்டரியில நாலு பேர் இருக்கோம். இப்படித் தும்முறது நான் ஒருத்திதான்."

என்ன வரி, பாருங்கள். உடனே குறித்துக்கொண்டேன். அடுத்த கட்டுரையை இதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். பெயர் போட மாட்டேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.