தூறலை மீட்ட ஞானப்பூ அம்மையாருக்கு

"உங்க கம்பைலரோட வேகத்தைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க மேடம்." எங்கள் மழைக்கணிப்பு மையத்தில் எவரும் உங்களிடம் கேட்கக் கூடாதென்று விலக்கிவைத்த கோரிக்கை இது. அதைக் கேட்டவள் நரிக்குடிச் சௌந்தரம், தன் வீட்டின் முதல் பட்டதாரி.

அறுபத்து நான்கு கணினிச் செயலிகளை ஓரேரில் பூட்டிய ஆற்றலே! மல்லாங்கிணறு மண் ஈன்ற மாண்பே! நாளைய மழையை நாளை மறுநாள் சொல்லிக்கொண்டிருந்த எங்கள் மீக்கணினியை இன்றைக்கே சொல்ல வைத்தது, எங்கள் நிரல்களை எந்திர மொழிக்கு மாற்றப் பதினான்கு ஆண்டுகள் நீங்கள் செதுக்கிய கம்பைலர்.

சோதனைக்காக, முந்தைய ஐப்பசியில் பெய்த மழையைக் கணித்தபோது வேகம் ஒன்பது மடங்கு. எல்லாரும் கைதட்டினோம். சௌந்தரம் மட்டும் மழை வரைபடத்தில் தன் ஊர் அடங்கிய திருச்சுழிக் கட்டத்தில் விழுந்திருந்த பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க ஊர்ல மழை பெய்யாதுன்னு மிஷினுக்கே தெரிஞ்சிருச்சும்மா" என்று சீண்டினார் எங்களில் ஒருவரான ஜெயக்குமார்.

"பேஞ்சுச்சு சார். அந்த வாரந்தான் சோளம் வெதைச்சோம்னு எங்கம்மா எழுதுன லெட்டர் இருக்கு" என்றவள், சினம் தணியாமலே உங்கள் முன் வந்து நின்றாள்.

நீங்கள் கோபிக்கவில்லை. வேகத்துக்காகக் கூட்டல் வரிசையை மாற்றும் பகுதியை நிறுத்தி, மறுபடி ஓட்டினீர்கள். வேகம் ஐந்து மடங்காகச் சரிந்தது. திருச்சுழியில் தூறல் விழுந்தது. தமக்குள் முதலில் கூடவேண்டிய சின்னஞ்சிறு ஈரக் கணக்குகளை உங்கள் கம்பைலர் ஒவ்வொன்றாகப் பெருந்தொகையில் போட, அவை அதில் காணாமற் போயிருந்தன. "தப்பு எம்மேலதான். இவ பாத்தது சரி" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னீர்கள்.

அமைச்சர் வருகிறார், அறிக்கையில் ஒன்பதே இருக்கட்டும் என்றார் இயக்குநர். மேசைமேல் உங்களுக்கான ஈராண்டுப் பணிநீட்டிப்பு ஆணை அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

மையத்தில் நடக்காமற் போன உங்கள் பிரிவுபசார விழாவை, நீங்கள் இப்போது வாழும் அருப்புக்கோட்டைக்கே பஸ் ஏறி வந்து நடத்துகிறோம். நோயின்றி, நெடுநாள், இதே பிடிவாதத்தோடு வாழ்க! நல்ல எண்ணுக்கு ஆசைப்படும்போதெல்லாம் அன்று நீங்கள் செய்தது எங்களைத் தடுக்கட்டும்.

"வெதைக்கிறவுகளுக்கு ஒம்பது எதுக்கு சார்? தூத்தல் விழுமான்னு தெரிஞ்சா போதும்" என்று அன்று இயக்குநரிடம் சொன்னபடி, அறிக்கையில் ஒன்பதை அடித்து ஐந்து என்று எழுதினீர்கள். அறைச் சாவியை அந்த ஆணையின்மேல் வைத்தீர்கள். வாசலில் நின்ற சௌந்தரம் வழிவிட்டாள். திரும்பிப் பாராமல் வெளியே நடந்தீர்கள்.

— மைய ஊழியர்கள், 1995