ஆயிரம் போல்ட்டு

உக்கடத்திலிருந்து மதுக்கரை போகும் பஸ்ஸில், முன் சீட்டில் என் வயதும் என் தொப்பையும் உள்ள ஒருவர் தங்கை மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஆயிரம் போல்ட்டு கழட்டுனா ஒரு மெடலுங்க மாப்ள. அதுக்கு எதுக்கு அத்தன காரு? ஒரே சக்கரத்தையே கழட்டிக் கழட்டி மாட்டுனாப் போதும்."

மெக்கானிக் போலிருக்கிறது, என் கார் இவரிடம் போய்விடக் கூடாதே என்று பயந்தேன். செல்போனில் விளையாடும் கார் ரிப்பேர் கேம் என்பது அப்புறம்தான் புரிந்தது.

"சின்ன மச்சானும் அதத்தானுங்களே வெளையாடறாரு?"

"ஆமாங்க. ஒவ்வொரு காரா எடுத்துக் கழட்டீட்டுக் கெடக்கறான், கிறுக்கன். அவன் எத்தன போல்ட்டுல நிக்கறான்னு எனக்கு கேம்லயே காட்டுதுங்க. நீங்க கொஞ்சம் சொல்லிப்போடுங்க."

"நீங்களே சொல்றதுதானுங்க?"

"தோப்பு பாகம் பிரிச்சதுல இருந்து அண்ணந் தம்பிக்குள்ள பேச்சே இல்லீங்களே. நான் எப்படி மொதல்ல பேசறது?"

மாப்பிள்ளை தன் போனை எடுத்தார். நம்பரைப் போட்டு, போனை அவர் காதில் வைத்துவிட்டார்.

"ம்... நாந்தான். டேய், காரை மாத்தாதே. ஒரே சக்கரம். கழட்டு, மாட்டு, கழட்டு, மாட்டு... கணக்குல சேரும் சேரும், ஒரே போல்ட்டுன்னு கேமுக்குத் தெரியாது... இல்லடா, அந்தப் பக்கம் இல்ல... போன்ல சொன்னா உனக்குப் புரியாது. ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வா, காட்டறேன்."

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது முகம் ஜன்னல் பக்கம் இருந்தது.

"மொதல்ல அலோ சொன்னது அவந்தானுங்க மாப்ள. ஊட்டுல யாரு கேட்டாலும் அப்படியே சொல்லுங்க."