கம்பா, சோளமா?

விவேக் நகர் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பேர், மடியில் லேப்டாப் பையோடு.

“மச்சா, நாம நடத்துற புறா ஃபோரத்துல செம சண்டை!” ஒருவன் கத்தியதில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“அதுக்கு ஏன்டா இவ்ளோ குஷி?” என்றான் மற்றவன்.

“பின்ன? புது சாஃப்ட்வேருக்கு மாத்தினதுலேர்ந்து ஸ்பேம் தவிர ஒருத்தரும் வரல. எல்லாரும் வாட்ஸ்அப்புக்கு ஓடிட்டாங்க. இப்ப பந்தயப் புறாவுக்குக் கம்பா சோளமான்னு ரெண்டு பேர் அடிச்சுக்கிறாங்க!”

“டேய், கம்புன்னு கத்தினது நான்தான். கள்ள ஐடி.”

“ஐயோ, சோளம் நான்டா.”

முதலாமவன் போனை எடுத்து ஃபோரத்தைத் திறந்தான்.

“இரு, நடுவுல வந்து ரெண்டு பேரையும் திட்டிட்டு, தன் புறா போட்டோவைப் போட்டது நீதானே?”

“நானில்லடா! நீயும் இல்லன்னா, நிஜமாவே ஒருத்தர் வந்திருக்காருடா!”

கண்டக்டர் மறுபடியும் திரும்பிப் பார்த்தார்.