ஏறட்டும் என்று வைத்த கார்

முதல் கீறல் உண்மையிலேயே தற்செயல், சேர். தோட்டத்து டிராக்டரைப் பின்னால் எடுத்தபோது ஸ்ரீதரனின் வெள்ளைக் காரில் இடித்துவிட்டேன். பதினைந்து வருடமாக நான் தோட்டத்து மெக்கானிக். ரிவர்ஸ் மட்டும் இன்னும் பழகுகிறேன்.

அது தொண்ணூற்றெட்டு. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த கார், றக்வானவுக்கு வந்ததும் மாப்பிள்ளைக் கோலம் பூண்டது. அதே மாதம் என் மாமன் மகள் சுமித்ரா, தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஸ்ரீதரனுக்குக் கழுத்தை நீட்டினாள். முறைப்படி எனக்கு வரவேண்டியவள். என்னிடம் இருந்தது ஒரு ஸ்பேனர் செட். அதிலும் பதினான்காம் நம்பர் தொலைந்திருந்தது. அவள் காரைத்தான் கட்டிக்கொண்டாள் என்று முடிவு செய்தேன்.

மற்ற நாடுகளில் கார் பழசானால் விலை இறங்குமாம். நம்ம இலங்கையில் இறங்காது, ஏறும். யாராவது இறக்க வேண்டும்.

வருடா வருடம் கார் புரோக்கர் முக்தார் விலை பார்க்க வருவார். சுமித்ரா தேத்தண்ணி கொடுத்துச் சிரிப்பாள். அந்தக் கீறலைப் பார்த்து முதல் வருடமே அவர் உதட்டைப் பிதுக்கினார். அது எனக்கு இனித்தது. பிறகு, சர்வீஸுக்கு என்னிடம் வரும்போதெல்லாம் எஞ்சின் ஒயிலில் ஒரு சிட்டிகை மணல். கதவடியில் உப்புத் தண்ணீர். வெள்ளிக்கிழமை தவறாமல் கண்ணூறு படாமல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிடுவேன். ஊர்க்கண் பொல்லாதது.

"நீங்க இல்லாட்டி இது என்னைக்கோ படுத்திருக்கும், அண்ணே" என்பான் ஸ்ரீதரன். நல்ல பையன்.

ஏழாவது வருடம் முக்தார், "இனி பார்ட்ஸ் வெலதான்" என்றார். எனக்கு அதுவும் அதிகமாகப் பட்டது. மறுநாள் காலை பிரேக் குழாய் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தினேன். காரை மட்டும்தான் நினைத்தேன். உள்ளே ஆள் இருப்பான் என்பதை... அதையும் நினைத்தேன், சேர். எழுதிக்கொள்ளுங்க.

றக்வான இறக்கத்தில் நாலாவது வளைவு. ஸ்ரீதரனின் பாடையை நான்தான் கட்டினேன். அது மட்டும் கோணாமல் போனது.

நேற்று கருமாதி முடிந்தது. இன்று காலையில் சுமித்ராவிடம் கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டு நேராக இந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

"அந்தக் காரு இல்லாட்டி அவனைக் கட்டியிருப்பியா, புள்ள?"

"காருக்கா? அதுல ஏறுனாலே எனக்கு வாந்தி வரும், மச்சான். வித்துத் தொலைங்கனு முக்தார் நானாவ வருஷா வருஷம் கூப்பிட்டதே நான்தான். வெல கொறையக் கொறைய, 'ஏறட்டும், பாப்போம்'னு எங்க வீட்டுக்காரருதான் விக்காம வச்சிக்கிட்டாரு."