கிண்ணத்தின் அடியில் ஒரு மான்

காபியை அண்ணாந்து குடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, இன்ஸ்பெக்டர் சார். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிப் பிடித்து ஊற்றினால் போதும். என் மகள் ஸ்ரீதேவி பள்ளிக்கூடம் போகுமுன்பே பழகிக்கொண்டாள். ஆரம்பத்தில் கவுனெல்லாம் நனைத்துக்கொள்வாள். நான் சிரிப்பேனே தவிர அடித்ததில்லை. அவள்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எச்சில் பார்ப்பதை நீங்கள் சாதியோடு முடிச்சுப் போடுகிறீர்கள். தவறு. நான் வேதியியல் படித்தவன். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, புதுப்பட்டினத்தில் வீடு கட்டிக்கொண்டவன். எங்கள் வீட்டில் பெற்ற தாய் வாய் வைத்த டம்ளரில்கூட மகள் குடிக்கமாட்டாள். அது சுத்தம், அவ்வளவுதான்.

கிண்ணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது பழைய கிரேக்க தேசத்துக் கிண்ணம், ஏசு பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. என் மைத்துனர் ஜெர்மனியில் இருந்தபோது ஏலத்தில் எடுத்து எனக்குக் கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டு மாதிரி அகலம், ஆழம் குறைவு, அடியில் ஒரு கால், இருபுறமும் கைப்பிடி. வெளியே இரண்டு பெரிய கண்கள் வரைந்திருக்கும். குடிப்பவர் கிண்ணத்தைத் தூக்கிச் சாய்க்கும்போது அவர் முகம் மறைந்து, அந்தக் கண்கள் எதிரில் இருப்பவரைப் பார்க்கும். உள்ளே அடியில் ஒரு ராஜா, அவன் கையில் கத்தி, முன்னால் அவனுடைய மகள், அவள் காலடியில் ஒரு மான். கப்பல்கள் புறப்படக் காற்று வேண்டும் என்பதற்காக மகளைப் பலிகொடுக்கத் துணிந்தவன் அந்த ராஜா. கடைசி நொடியில் தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்தில் மானை விட்டுவிட்டதாகக் கதை. சின்ன வயதில் ஸ்ரீதேவி ராஜாவையும் பார்க்கமாட்டாள், கத்தியையும் பார்க்கமாட்டாள். மானைத்தான் பார்ப்பாள். அதுவும் அலமாரிக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான்.

அந்தக் காலத்து விருந்துகளில் எல்லாரும் ஒரே கிண்ணத்தைக் கைமாற்றிக் குடிப்பார்களாம். அதைப் படித்தபோது எனக்குக் குமட்டியது.

ஜெபசிங் சதுரங்கப்பட்டினத்துப் பையன். அவனுடைய தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். அவனும் ஸ்ரீதேவியும் சிறுசேரியில் ஒரே அலுவலகம், போக வர ஒரே கேப். கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவன். கல்யாணம் பேச அவனுடைய அம்மா ரூத், பூவும் ஆப்பிளுமாக வந்தார். பேப்பர் கப்பில் காபி கொடுத்தோம்.

"நம்ம வூடு சின்னதுதான் சார். ஆனா உங்க பொண்ண கண்ணு மாதிரி பாத்துக்குவோம்," என்றார்.

மரியாதையான அம்மாள். அவர் போன பிறகு அவர் உட்கார்ந்த நாற்காலியைத் துடைக்கச் சொன்னேன். என் மனைவி பார்வதம் காதில் வாங்கிக்கொள்ளாத மாதிரி உள்ளே போய்விட்டாள். நானே துடைத்தேன்.

மகளிடம் பொறுமையாகப் பேசிப் பார்த்தேன். "நீங்க ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்காட்டியும் அவன் வூட்டுக்குத்தாம்பா போவேன்," என்றாள். என் மகள் வாயில் ‘வூடு’. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ஆத்திரத்தில் செய்ததாக எழுதாதீர்கள். நான் ஆத்திரப்படுகிறவன் இல்லை.

சம்மதம் என்று சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனை வீட்டுக்கு வரச்சொல்லிவிட்டு, பார்வதத்தை மாமல்லபுரம் பெருமாள் கோயிலுக்கு அனுப்பினேன். அலமாரியிலிருந்து கிண்ணத்தை எடுத்துத் திராட்சைச் சாறு ஊற்றினேன். என்ன கலந்தேன் என்பதை உங்கள் பரிசோதனைக்கூடம் சொல்லிவிட்டது. எதற்கு அந்தக் கிண்ணம் என்று நேற்று கேட்டீர்கள். கசக்கிற சாற்றை வேறு எதில் கொடுத்தாலும் ஒரு வாயோடு வைத்துவிடுவான். இதில் அடியில் என்ன படம் என்று பார்க்கிற ஆசையில் முழுவதையும் குடிப்பான். தவிர, என் வீட்டு டம்ளரில் அவன் வாய் பட வேண்டாம் என்று நினைத்தேன்.

மகளுக்கு ஆபத்து வராது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. ஒருவர் வாய் வைத்ததை அவள் தொடமாட்டாள். அவளை வளர்த்தவன் நான்.

"இன்னா சார் இது, இப்டி முழிச்சுப் பாக்குது?" என்று ஜெபசிங் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சிரித்தான்.

"குடிச்சு முடிச்சாத்தான் உள்ள இருக்கிற படம் தெரியும். ஒரு மான் இருக்கு," என்றாள் ஸ்ரீதேவி.

அவன் பாதி குடித்தான். முகத்தைச் சுளித்தான். "செம கசப்பு ஸ்ரீ. யாரோ ஒருத்தன் தலதான் தெரியுது. உன் மானக் காணோம்."

"குடு, நான் காட்டறேன்," என்று அவள் கிண்ணத்தைப் பிடுங்கினாள்.

அவன் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்தாள். கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பிக்கூடப் பிடிக்கவில்லை.

நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவள் முகம் மறைந்தது, கிண்ணத்தின் கண்கள் என்னைப் பார்த்தன. கத்தியிருக்கலாம். எட்டித் தட்டிவிட்டிருக்கலாம். அதற்கு நேரம் இருந்ததா என்றால், இருந்தது. வண்டல் அடியில் தங்கும், கடைசியாகக் குடிப்பவருக்குத்தான் அதிகம் போகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் உதடு பட்டுவிட்டதே சார். இனிமேல் தடுத்து எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று தோன்றியது. பேசாமல் இருந்தேன்.

அவள் கிண்ணத்தைச் சாய்த்து அவனுக்குக் காட்டினாள். "பாரு, மான்," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவன்தான் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான், வாசல்வரை தவழ்ந்துபோய்த் தெருவில் ஆள் கூப்பிட்டான். அவன் பிழைத்துக்கொண்டதாக நீங்கள்தான் சொன்னீர்கள். கேப்பில் இரண்டு பேரும் தினமும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிப்பார்கள் என்று டிரைவர் சொன்னதாகவும் சொன்னீர்கள். பெற்றவனிடம் யார் இதையெல்லாம் சொல்கிறார்கள்.

பார்வதம் என்னைப் பார்க்க வரவில்லை. துக்கம் ஆறினால் வருவாள்.

மற்றபடி நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஓரிடத்தை மட்டும் திருத்திவிடுங்கள். தடயத்தை அழிப்பதற்காகக் கிண்ணத்தைக் கழுவியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி எந்த எண்ணமும் எனக்கு இல்லை. அவள் தரையில் கிடந்து, "அப்பா, தண்ணி," என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, குழாயைத் திறந்துவிட்டு நான் கழுவிக்கொண்டிருந்தது எச்சிலை.