கத்தி பட்ட வருசம்

— கத்தியா? எங்க ஊட்டுக்காரர யாரு கத்தியில குத்தப் போறாங்க டாக்டரம்மா? ஈ எறும்புக்குக்கூட தீங்கு நெனைக்காத மனுசன். ஜோகுபாளையத்துல வந்து பூக்கட கிருஷ்ணப்பான்னு கேட்டுப் பாருங்க.

— யாரு குத்துனாங்கன்னு நான் போலீஸ் மாதிரி கேக்கலைங்க அம்புஜம்மா. குத்துப்பட்டாரா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க. ஆபரேஷன் பண்ணப்போறவ நான். உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாம கை வெக்க முடியாதுங்க.

— இல்லவே இல்ல. காத்தால மூச்சு முட்டுதுன்னாரு, ஆட்டோவுல போட்டுக்கினு வந்தேன். படம் எடுத்த சின்ன டாக்டரு, நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு, பக்கவாட்டுல குழாய் போட்டா எறங்கிடும்னு சொன்னாரு. நீங்க வந்து எல்லாத்தையும் நிறுத்திட்டு, கத்தி கித்தின்னு பேசறீங்க.

— அந்தக் குழாய் உள்ள போயிருந்தா அவரு இந்நேரம் நம்ம கையில இல்லைங்க. நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வெச்சுக் கேட்டனுங்க. இடது பக்கம் மூச்சுச் சத்தமே இல்ல. கடமுடான்னு வயிறு உருள்ற சத்தம் கேக்குது, நெஞ்சுக்குள்ள. மூக்கு வழியா ஒரு ட்யூப் விட்டு மறுபடியும் படம் எடுத்தோம். வயித்துக்குப் போக வேண்டிய ட்யூப் நெஞ்சுல சுருண்டு கெடக்குது. அங்க இருக்கறது தண்ணி இல்லைங்க. அவரோட இரைப்பை.

— அய்யோ ராமா. இரைப்பை எப்படி மேல ஏறும்?

— நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல திரை கட்டுன மாதிரி ஒரு தசை இருக்குதுங்க. அதுல ஓட்டை. ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு கொஞ்சங் கொஞ்சமா அது வழியா மேல ஏறியிருக்குது, வருசக்கணக்கா. இன்னிக்கு முறுக்கிக்கிச்சு.

— அதான் ரெண்டு வாய் சோறு தின்னா மேல்மூச்சு வாங்குவாரு. ராத்திரில நெஞ்சுக்குள்ள கடமுடாங்கும். என்னய்யா, உன் வயிறு எடம் மாறிப்போச்சான்னு நான் கிண்டல் பண்ணுவேன். வாயுன்னு நெனச்சி ஓமத்தண்ணி காய்ச்சிக் குடுப்பேன். சும்னே, வீணாக் குடுத்திருக்கேன் பாருங்க, இத்தன வருசமா.

— அந்த ஓட்டை இடதுபக்கம் தானா வந்திருக்கும்னு எனக்குத் தோணலைங்க. மாருக்குக் கீழ ஒரு சின்னத் தழும்பு இருக்குதே, அது என்ன?

— அதுவா. கட்டி வந்து ஒடஞ்சுதாம். அவரேதான் சொன்னாரு.

— ஒடஞ்சப்ப நீங்க பாத்தீங்களா?

— எங்க பாக்கறது? அப்ப அவரு விரதத்துல இருந்தாரு, கரகத்துக்குக் கத்தி எடுத்த வருசம். விரதம் முடியற வரைக்கும் கோயில்லயே படுக்கை. ஊட்டுப் பக்கம் எட்டிப் பாக்கமாட்டாங்க.

— கத்தி எடுக்கறதுன்னா என்னங்க?

— நீங்க கோயமுத்தூர்க்காரங்க, எங்க கரகம் எங்க தெரியப்போவுது. எங்க பேட்டைல திரௌபதம்மா கரகம் பொறப்படறப்போ சுத்தி ஆம்பளைங்க வருவாங்க, வீரகுமாரருங்கன்னு பேரு. ஆளுக்கொரு கத்தி. கோவிந்தா கோவிந்தான்னு தொண்ட கிழியக் கத்திக்கினு, கத்தி முனைய மாருல குத்திக்குவாங்க.

— நெஞ்சுலயா? நெசக் கத்தியா?

— நெசக் கத்திதான். ஆனா ஒண்ணும் ஆவாது. விரதம் சுத்தமா இருந்தா ஆயி தடுத்துக்குவா. பூ பட்ட மாதிரிதான் இருக்கும்.

— கொஞ்சம் இருங்க. எந்த எடத்துல குத்திக்குவாங்க? உங்க மேல கை வெச்சுக் காட்டுங்க.

— இந்தா, இப்படி. முனை இங்க வந்து படும்.

— அம்புஜம்மா, அவரு தழும்பு அங்கதாங்க இருக்குது. மனுசன் பலமாக் கத்தறப்போ உள்ள இருக்கற காத்தெல்லாம் வெளிய போயிரும். அந்தத் தசை ஏறி மாருக்காம்பு மட்டத்துக்கு வந்து நிக்கும். கோவிந்தான்னு கத்துன நேரத்துல முனை எறங்கியிருக்குது, தசை கிழிஞ்சிருச்சு. வெளிய கடுகத்தனை புண்ணு, அது ஆறிப்போச்சு. உள்ள ஆறல. கடவுளே, இப்படி ஒரு காரணத்த நான் எந்தப் பொஸ்தகத்துலயும் படிச்சதில்லைங்க.

— வாயக் கழுவுங்க டாக்டரம்மா. எங்க ஊட்டு ஆம்பளைக்கு ரத்தம் வரல. வந்தா என்ன அர்த்தம்னு தெரியுமா உங்களுக்கு? விரதம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். அவன் கெட்டிருக்கணும், இல்ல ஊட்ல பொண்டாட்டி கெட்டிருக்கணும். ஊரு எப்பவும் பொண்டாட்டியத்தான் சொல்லும். நான் ஒருவேளை சோறு தின்னுட்டு, தரையில படுத்துக்கினு, நெருப்பு மாதிரி இருந்தேன்.

— உங்கள ஆரும் குத்தம் சொல்லலைங்க. வேர்வையில புடி நழுவியிருக்கும், அவ்வளவுதான். இது விரதம் இல்லைங்க, இரும்பு. கத்திக் காயம்தான்னா உள்ள எல்லாம் ஒட்டிப் போயிருக்கும், நெஞ்சையும் சேர்த்துத் திறக்கணும். ரத்தம் நெறைய வேணும். அவருது ஓ நெகட்டிவ், பிளட் பேங்க்ல ஒரு பாட்டில்தான் இருக்குதாம். அதே ரத்தம் குடுக்கறேன்னு கீழ ஒருத்தரு வந்தாராம், நீங்க வேண்டாம்னு தொரத்துனீங்களாம். நர்சு பியாட்ரிஸ் சொன்னாங்க.

— அந்த ஆள உடுங்க. வேற எங்கியாவது கேளுங்க.

— கேட்டாச்சுங்க, கெடைக்கல. அவரு இன்னும் போகல, படிக்கட்டுலயே உக்காந்திருக்காரு. யாருங்க அவரு?

— எங்க மாமா சாமிநாதன். இவருக்குக் கூடப்பொறந்த அண்ணன். எங்க அக்கா லட்சுமம்மாவோட புருசன். அக்காவும் நானும் ஒரே ஊட்ல வாழ்க்கப்பட்டவங்க. யாரு சொல்லி ஆனேக்கல்லேர்ந்து ஓடியாந்தாரோ தெரியாது.

— சொந்த அண்ணந்தானே. அப்புறம் என்னங்க?

— கத்தி பட்டுதான்னு கேட்டீங்கல்ல? பட்டுது. மாமாவுக்குத்தான் பட்டுது. அதே வருசம் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கத்தி எடுத்தாங்க. விடியக்காலைல கரகம் கோயிலுக்குத் திரும்பறப்போ பாத்தா மண்ணுல ரத்தம். மாமா கையில இருந்த துண்டெல்லாம் ரத்தம். பெரியவங்க கூப்ட்டுக் கேட்டாங்க. என்னோடதுதான்னு அவரு வாயாலயே சொன்னாரு, நான் காதாலக் கேட்டேன். அப்புறம் சும்மா உடுவாங்களா? லட்சுமம்மா என்னா பண்ணித் தொலைச்சாளோன்னு பேட்டையே பேசிச்சு.

— நீங்க?

— நானுந்தான் பேசினேன். ஒரே ஊட்ல இருக்கறவ நான், பேசாம இருந்தா என்னையும் சேத்துல்ல சொல்லுவாங்க. என் வளைகாப்புக்கு அக்கா கண்ணாடி வளையல் வாங்கியாந்து வாசல்ல நின்னா. படியேறாதேன்னுட்டேன். ஒரு வார்த்த எதுத்துப் பேசல அவ. குத்தமில்லாதவளா இருந்தா பேசியிருப்பாள்ல? அடுத்த மாசமே ரெண்டு பேரும் சட்டி பானையத் தூக்கிக்கினு ஆனேக்கல் போய்ச் சேந்தாங்க.

— அதுக்காக இப்ப ரத்தம் வேண்டாமா?

— ஆயி வேணாம்னு மண்ணுல தள்ளின ரத்தம் அது. அத எடுத்து இவரு ஒடம்புல ஏத்தினா அவ உடுவாளா? பேடா, வேணாம் டாக்டரம்மா. எனக்கு இவரு உசிரு வேணும். இந்த மனுசன் இல்லன்னா நானும் எம் பொண்ணு அனுஷாவும் நடுத்தெருதான். பயந்துதான் வேணாங்கறேன், பகைக்காக இல்ல.

— பயம் புரியுதுங்க. ஆனா முறுக்கிக்கிட்ட வயிறு நமக்காகக் காத்திருக்காது, கறுத்துப் போயிரும். அவருக்கு இன்னும் நெனவு இருக்குது. நான் அவரையே ஒருவாட்டி கேட்டுட்டு வந்தர்றேன். நீங்க இங்கயே இருங்க.

— தாராளமாக் கேளுங்க. கட்டின்னுதான் சொல்லுவாரு.

— அம்புஜம்மா.

— வந்துட்டீங்களா? கட்டின்னுதானே சொன்னாரு? ஏன் இப்படி நிக்கறீங்க? ஐயோ, ஏதாவது ஆயிடுச்சா?

— உசுரோடதான் இருக்காருங்க. உக்காருங்க மொதல்ல. கட்டியா கத்தியான்னு கேட்டதுக்கு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. அண்ணன் ரத்தம் குடுக்க வந்து கீழ உக்காந்திருக்காருன்னு சொன்னேன். பொலபொலன்னு அழுதுட்டாருங்க. அப்புறம் மூச்சு வாங்கி வாங்கி எல்லாத்தையும் சொன்னாரு. அன்னிக்கு மண்ணுல விழுந்தது அவரோட ரத்தமாமா. அண்ணந்தான் துண்டால தொடச்சு, புண்ணு மேல சந்தனத்த அள்ளி அப்பி மறச்சிருக்காரு.

— சுள்ளு. சுத்தப் பொய்யி. மயக்கத்துல ஏதோ பொலம்பறாரு. என்னோடதுன்னு மாமா ஊரு முன்னாடி சொன்னாரே. நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா, எந்த ஆம்பள தனக்கு வராத ரத்தத்த வந்துதுன்னு ஒத்துக்கினு, கட்டின பொண்டாட்டியத் தெருவுல நிக்க வெப்பான்?

— அதையும் கேட்டனுங்க. அப்ப நீங்க முழுகாம இருந்தீங்களாம். வயித்துப் புள்ளையோட தங்கச்சி இந்தப் பழியத் தாங்கமாட்டா, நம்ம தலையில போட்டுக்குவோம்னு, உங்க அக்காதான் அவர அப்படிச் சொல்ல வெச்சாங்களாம்.